கோடும் நிழலுமான படத்துக்கு என்ன சொல்வது?

ஒரு முகத்தையோ கோயில் திருவிழாவையோ படமெடுத்துக் காட்டினால் பார்ப்பவருக்குப் பேச நிறைய இருக்கும். முகம் யாருடையது, திருவிழா எந்த ஊரில், கூட்டம் எப்படி என்று பேச்சு தானாக ஓடும். சுண்ணாம்புச் சுவர், அதன்மேல் சாய்வாக விழுந்த மூன்று நிழல்கள், மேல் மூலையில் முக்கோணமாக ஒரு துண்டு வானம், இவ்வளவுதான் படம் என்றால் பேச்சு தடுமாறிவிடுகிறது. ‘இது என்ன இடம்?’ என்று ஒருவர் கேட்பார். ‘நல்லா இருக்கு’ என்று சொல்லிவிட்டு இன்னொருவர் அடுத்த படத்துக்குப் போய்விடுவார். படமெடுத்தவர் காட்டிய நேரத்தில் எப்படி இருந்தாரோ அப்படியே வீடு திரும்புவார்.

அருவமான வடிவியல் ஒளிப்படம் என்ற இந்த வகைக்கு நூறாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு. படங்களோடு சேர்ந்து, அவற்றுக்குக் கிடைத்த மறுமொழிகளும் அந்த வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன. சில மறுமொழிகள் ஒரு கலைஞரை உருவாக்கின. சில, ஒருவரைக் கிட்டத்தட்ட முடக்கிப்போட்டன. இவற்றை அருகருகே வைத்துப் படித்தபோது எனக்கு ஒன்று உறுதியாயிற்று. பார்த்தவரின் கண் படத்தில் எங்கே போயிற்று, எங்கே நின்றது, எதனால் நின்றது என்று சொல்லும் மறுமொழிதான் எடுத்தவருக்குப் பயன்படுகிறது. எடுத்தவர் எப்படிப்பட்டவர் என்று பேசத் தொடங்கும் மறுமொழி, பாராட்டாகவே இருந்தாலும், படத்தைக் கைவிட்டுவிடுகிறது.

நியூயார்க்கிலிருந்து தொடங்கலாம். பால் ஸ்டிராண்ட் அங்கே எத்திகல் கல்ச்சர் பள்ளியில் படித்தவர். அவருக்கு ஒளிப்படம் கற்பித்தவர் லூயிஸ் ஹைன். குழந்தைத் தொழிலாளர்களைப் பதிவுசெய்த படங்களுக்காக உலகம் அறிந்தவர். ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் ஐந்தாம் அவென்யூவில் நடத்திவந்த ‘291’ காட்சிக்கூடத்துக்கு மாணவர்களை அழைத்துப்போனவரும் ஹைன்தான். பள்ளியை விட்டபின் ஸ்டிராண்ட் தன் படங்களை அவ்வப்போது ஸ்டீக்லிட்ஸிடம் கொண்டுபோய்க் காட்டிவந்தார். படம் ஓவியத்தைப்போல மங்கலாக, பூசினாற்போல இருந்தால்தான் கலை என்று பலரும் நம்பிய காலம் அது. மென்குவிய லென்ஸ் பலரிடமும் இருந்தது. ஸ்டிராண்டும் அதைத்தான் வைத்திருந்தார்.

ஸ்டீக்லிட்ஸ் அப்போது சொன்னதை ஸ்டிராண்ட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். இந்த லென்ஸில் எல்லாமே ஒரே பொருளால் ஆனதுபோல் தெரிகிறது, புல் தண்ணீரைப்போல் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் உரிய தன்மை தொலைந்துபோகிறது, அப்பர்ச்சரைச் சுருக்கி எடுத்துப் பார் என்பது அதன் சாரம். இதைவிடச் சிறந்த மறுமொழியை ஒளிப்பட வரலாற்றில் நான் கண்டதில்லை. கலை, ஆன்மா, நவீனம் என்று எதையும் அவர் இழுக்கவில்லை. தாளில் தெரிகிற ஒன்றைச் சுட்டினார். அது எதனால் வந்தது என்று சொன்னார். மறுநாள் காலையிலேயே செய்துபார்க்கக்கூடிய ஒரு வேலையைக் கையில் கொடுத்தார். இளைஞனுக்குத் திறமை இருக்கிறதா இல்லையா என்ற தீர்ப்புக்கு அதில் இடமே இல்லை.

1915-ல் ஸ்டிராண்ட் புதிய படங்களோடு வந்தபோது ஸ்டீக்லிட்ஸ் அவற்றை உடனே அடையாளம் கண்டுகொண்டார். 1916 மார்ச்சில் ‘291’-ல் ஸ்டிராண்டின் கண்காட்சி நடந்தது. அந்தக் கோடையில் கனெக்டிகட் மாநிலத்து ட்வின் லேக்ஸில் அவர் எடுத்த படங்களில் ஒன்று, திண்ணை நிழல்களைக் காட்டுவது. அந்தப் படத்தை நிதானமாகப் பார்க்கவேண்டும். முதலில் தெரிவது கறுப்பும் வெளுப்புமான பட்டைகள். மரக் கிராதியின் நிழல் இணைகோடுகளாகச் சாய்ந்து விழுகிறது. அவை ஒரு வளைந்த விளிம்பில் மோதி முறிகின்றன. அந்த வளைவு ஒரு வட்ட மேசையின் விளிம்பு என்பதும், மேசை சாய்த்துவைக்கப்பட்டிருக்கிறது என்பதும் சற்றுப் பிந்தித்தான் புரியும். புரிந்த பிறகும் கண் மேசையில் தங்காமல் பட்டைகளுக்கே திரும்பிவிடுகிறது. படத்தின் வலிமை இந்தப் போய்வரவில்தான் இருக்கிறது. 1917 ஜூனில் வெளிவந்த, ஸ்டீக்லிட்ஸ் நடத்திய ‘கேமரா வொர்க்’ இதழின் கடைசி வெளியீடான 49-50ஆம் இரட்டை இதழ் முழுக்க ஸ்டிராண்டின் படங்களுக்கே ஒதுக்கப்பட்டது. இந்தப் படமும் அதில் அச்சானது.

மறுமொழியைப் பெறுகிறவர்களும் ஸ்டிராண்டிடம் கற்க ஒன்று உண்டு. ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் என்ன செய்கிறார்கள், ஒரு படம் எதனால் கட்டுக்கோப்பாக நிற்கிறது என்று தெரிந்துகொள்ளவே இந்த அருவப் படங்களை எடுத்தேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். பாராட்டு கிடைத்ததே என்று அவர் அங்கேயே தங்கிவிடவில்லை. கற்ற கட்டுக்கோப்பைத் தெருவோர முகங்களுக்கும், பிறகு இயந்திரங்களுக்கும் எடுத்துப்போனார். பார்வையற்ற பெண்ணின் புகழ்பெற்ற படம் அதே 1916-ல் எடுத்தது. மறுமொழி தருபவர் எதை மெச்சினாரோ அதையே மறுபடி மறுபடி செய்துகாட்டும் கண்ணியில் அவர் சிக்கவில்லை.

தொடக்கத்தில் சொன்ன சுவர்ப் படத்தையே இப்போது மேசைமேல் வைப்போம். ஒரு கட்டடத்தின் பின்பக்க இரும்புப் படிக்கட்டு, உச்சி வெயில், கறுப்பு-வெள்ளை. படிக்கட்டு சட்டகத்துக்கு வெளியே இருக்கிறது; அதன் நிழல் மட்டுமே சுவரில் விழுந்திருக்கிறது. இதற்கு என்ன சொல்லலாம்?

முதலில் விளிம்புகள். இடப்பக்க ஓரத்தில் நகத்தின் அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை நிற்கிறது. படத்திலேயே மிக வெளுப்பான இடம் அதுதான் என்பதால் கண் முதலில் அங்கேதான் போகிறது. போய் வெளியே வழுக்கிவிடுகிறது. எடுத்தவர் அதைக் கவனித்தே இருக்கமாட்டார். படமெடுக்கும்போது நாம் நடுவைப் பார்க்கிறோம். விளிம்பைப் பார்ப்பது பழக்கத்தால் வருவது. அடுத்து மூலை. கீழ் நிழல் மிகச் சரியாக இடது கீழ் மூலைக்குள் போய் முடிகிறது. மூலையை மிகத் துல்லியமாகத் தொடும் கோடு கண்ணை ஒரு வாய்க்காலைப்போல வெளியே கொண்டுபோய் விட்டுவிடும். காமிராவைச் சற்றே தாழ்த்தி, கோடு மூலைக்கு மேலாக விளிம்பில் முடியும்படி எடுத்திருந்தால் கண் உள்ளுக்குத் திரும்பியிருக்கும். மூன்றாவது, நிழல்களின் அகலம். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அகலம், ஒரே இடைவெளி. கண் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டு வேலை முடிந்தது என்று ஓய்கிறது. சூரியன் இன்னும் சற்றுச் சாய்ந்திருந்தால் ஒரு நிழல் நீண்டு தாளம் மாறியிருக்கும். நான்காவது, சுவர். வெளிச்சப்பகுதி கிட்டத்தட்ட எரிந்துபோய்ச் சுண்ணாம்பின் சொரசொரப்பு காணாமல் போயிருக்கிறது. சுவர் சுவராக இல்லாமல் வெறும் தாளாகிவிட்டது. ஒருவேளை எடுத்தவர் விரும்பியதே அதுவாக இருக்கலாம். ஆகவே அதைக் குறையாகச் சொல்லாமல் கேள்வியாகக் கேட்கவேண்டும்: சொரசொரப்பு வேண்டாம் என்றுதான் இப்படி எக்ஸ்போஷர் வைத்தீர்களா?

‘இது என்ன?’ என்ற கேள்வியும் வீண் அல்ல என்பதை இங்கே சொல்லவேண்டும். அருவப் படம் எடுப்பவர்கள் பலர் அந்தக் கேள்வியைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்கள். பார்ப்பவருக்கு ரசனை இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் கேள்வி எப்போது வந்தது என்பதே ஒரு தகவல். கண்டதும் வந்ததா, அல்லது படத்துக்குள் கொஞ்சம் சுற்றிவிட்டு வந்ததா? கண்டதும் வந்தால் வடிவங்கள் அவரைப் பிடித்து நிறுத்தவில்லை என்று பொருள். பிந்தி வந்தால், ஸ்டிராண்டின் மேசையைப்போல, அடையாளம் காணுதல் படத்தின் இரண்டாம் அடுக்காக வேலை செய்திருக்கிறது.

பார்ப்பவர்கள் எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதை அளந்திருக்கிறார்கள். ஜெஃப்ரி ஸ்மித்தும் லிசா ஸ்மித்தும் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் செய்த ஆய்வு 2001-ல் வெளியானது. புகழ்பெற்ற ஓவியங்களின் முன்னால்கூட ஒருவர் நின்ற நேரம் சராசரியாக 27.2 விநாடிதான். இடைநிலை அளவு 17 விநாடி. அதாவது பாதிப்பேர் அதற்கும் குறைவாகவே நின்றார்கள். கைபேசித் திரையில் கடந்துபோகும் ஒரு நிழல் படத்துக்கு இதில் எத்தனை பங்கு கிடைக்கும் என்பதை வாசகரே கணித்துக்கொள்ளலாம். முன்பின் தெரியாத ஓர் அருவப் படத்துக்குச் சில விநாடிகளில் தரும் மறுமொழி, பார்த்தவரின் பழக்கத்தைச் சொல்லும், படத்தைச் சொல்லாது.

அந்தப் பழக்கத்தில் ஒரு பகுதி உடம்பிலேயே இருக்கிறது. கிடைக்கோட்டையும் செங்குத்துக் கோட்டையும் மனிதக் கண் துல்லியமாகப் பிரித்தறிகிறது. சாய்கோட்டை அந்த அளவுக்கு இல்லை. இதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 1972-ல் ஸ்டூவர்ட் அப்பெல் எழுதிய கட்டுரையிலிருந்து இது சாய்கோட்டு விளைவு என்ற பெயரில் வழங்குகிறது. ரிச்சர்ட் லாட்டோவும் சக ஆய்வாளர்களும் 2000-ல் வெளியிட்ட ஆய்வில் மாண்ட்ரியனின் ஓவியங்களைப் பல கோணங்களில் திருப்பிக் காட்டிப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். உள்ளே இருக்கும் கோடுகள் கிடையாகவும் செங்குத்தாகவும் அமைந்த நிலைகளையே பார்த்தவர்கள் அதிகம் விரும்பினார்கள். ‘படம் சாய்ந்திருக்கு, நேராக்குங்க’ என்று யாராவது சொன்னால் அதில் பாதி அவர் நரம்பு மண்டலம் சொல்வது. எடுத்தவர் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஒதுக்கிவிடவும் கூடாது. ஒரு பாகை சாய்ந்தால் தவறிப்போனதுபோல் தெரியும். இருபது பாகை சாய்ந்தால் வேண்டுமென்றே செய்தது என்று தெரியும். நடுவில் இருப்பவைதான் பார்ப்பவரை உறுத்துகின்றன.

சாய்வு என்றால் சோவியத் ஒளிப்படக் கலைஞர் அலெக்சாந்தர் ரோத்சென்கோவைப் பற்றிப் பேசாமல் இருக்கமுடியாது. மாஸ்கோவில் மியாஸ்னித்ஸ்காயா தெருவில் தான் குடியிருந்த கட்டடத்தின் பால்கனிகளை 1925-ல் அவர் கீழே நின்று அண்ணாந்து எடுத்தார். பால்கனிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வானத்துக்குள் ஏறும் வெறும் கோடுகளாகிவிட்டன. 1928-ல் ‘சோவியத்ஸ்கோயே ஃபோட்டோ’ இதழ் கையெழுத்தில்லாத கடிதம் ஒன்றை வெளியிட்டது. ரோத்சென்கோவின் படங்களும் மேலைநாட்டுப் படங்களும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடப்பட்டிருந்தன. மொஹோய்-நாகி, ரெங்கர்-பாட்ஷ் போன்றவர்களைக் காப்பியடித்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் ‘நோவி லெஃப்’ இதழில் பதில் எழுதினார்.

அதே ஆண்டு ‘நோவி லெஃப்’ பக்கங்களில் நடந்த இன்னொரு விவாதம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. போரிஸ் குஷ்னர் என்ற எழுத்தாளர் பெயர் போட்டு, நேராகக் கேட்டார்: மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்ற கோணங்களை மட்டும் ஏன் இப்படித் தூக்கிப்பிடிக்கிறாய்? இது நல்ல கேள்வி. அது ரோத்சென்கோவைத் தன் காரணத்தைச் சொல்லவைத்தது. காமிராவை வயிற்று உயரத்தில் பிடித்து எடுத்த படங்களே கண்ணைப் பழக்கிவைத்திருக்கின்றன, அந்தப் பழக்கத்தை உடைக்கத்தான் மற்றக் கோணங்கள் தேவைப்படுகின்றன என்று அவர் விளக்கினார். இன்றும் ஒளிப்பட மாணவர்கள் படிக்கிற வாதம் அது. கேள்வி கேட்டவருக்குப் பதிலில் உடன்பாடு இல்லை; எதைக் காட்டுகிறோம் என்பதைவிட எப்படிக் காட்டுகிறோம் என்பது முக்கியமா என்று விவாதம் நீண்டது. ஆனாலும் இருவரும் படத்தைப் பற்றியே பேசினார்கள்.

பெயரில்லாக் கடிதம் கிளப்பிய சந்தேகமோ வேறு திசையில் போயிற்று. பயனியர் என்ற சோவியத் சிறுவர் அமைப்பினரின் முகங்களை 1930-ல் அவர் எடுத்த படங்கள் வந்தபோது, பயனியர் ஏன் மேலே பார்க்கிறாள், முன்னால் பார்க்கவேண்டாமா என்ற அளவுக்கு விமர்சனம் இறங்கியிருந்தது. வடிவவாதி என்ற முத்திரை குத்தப்பட்டு, 1930களின் தொடக்கத்தில் ‘அக்தோபர்’ கலைஞர் குழுவிலிருந்தும் அவர் வெளியேற்றப்பட்டார். 1936-ல் தன் கலைப்பாதை மாறியதைத் தானே விளக்கி அதே ‘சோவியத்ஸ்கோயே ஃபோட்டோ’வில் எழுதவேண்டி வந்தது. ஸ்டாலின் கால அரசியலைப் படம்பார்க்கும் கூட்டத்தின் பேச்சோடு ஒப்பிடுவது பொருந்தாது; அங்கே வாழ்வாதாரமே பணயமாக இருந்தது. ஆனால் தடம் எங்கே மாறியது என்பது இதில் பளிச்சென்று தெரிகிறது. ‘இந்தக் கோணம் என்ன செய்கிறது?’ என்பது ‘இந்த ஆள் யார்?’ என்று மாறிய இடம் அது.

இந்த மாற்றத்தின் விளைவை உளவியலும் அளந்திருக்கிறது. ஆவ்ரஹாம் க்ளூகரும் ஆஞ்சலோ டிநிசியும் மறுமொழி பற்றிய பழைய ஆய்வுகளைத் திரட்டி 1996-ல் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டார்கள். 607 விளைவு அளவுகள், 23,663 பதிவுகள். சராசரியாகப் பார்த்தால் மறுமொழி செயல்திறனை உயர்த்தியது உண்மை. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் அது செயல்திறனைக் குறைத்திருந்தது. கவனத்தைச் செய்யும் வேலையிலிருந்து செய்பவரின் தன்மதிப்பின் பக்கம் திருப்பும் மறுமொழிக்குப் பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். இது ஒளிப்படத்துக்கென்று செய்த ஆய்வு அல்ல. இருந்தாலும் ஸ்டீக்லிட்ஸின் அப்பர்ச்சர் பேச்சு ஏன் வேலை செய்தது என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் ஒன்றை நான் படித்ததில்லை.

இதற்கு எதிராக ஒரு உதாரணத்தை நானே தரவேண்டும். ஒளிப்படக் கலைஞர் லூசியன் ஹெர்வே 1949-ல் மார்செய் நகரில் கட்டுமானத்தில் இருந்த, கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே வடிவமைத்த குடியிருப்பை ஒரே நாளில் 650 படங்கள் எடுத்து அவருக்கு அனுப்பினார். உங்களுக்குக் கட்டடக் கலைஞரின் ஆன்மா இருக்கிறது என்ற பொருளில் பதில் வந்தது. முழுக்க முழுக்க ஆளைப் பற்றிய பாராட்டு அது. அது ஹெர்வேயைக் கெடுக்கவில்லை. லெ கொர்புசியே 1965-ல் இறக்கும்வரை அவருடைய ஒளிப்படக் கலைஞராக இருந்தார், சண்டிகர் வரை வந்து படமெடுத்தார். ஆனால் அந்தக் கடிதம் பாராட்டோடு நிற்காமல் வேலையையும் கொடுத்தது. படத்தைப் பற்றிய கறாரான பேச்சை ஹெர்வே தானே நடத்திக்கொண்டார். தன் அச்சுகளைக் கத்தரிக்கோலால் வெட்டி வெட்டி, வேண்டாததை ஒதுக்கி, அவர் உருவாக்கிய சட்டகங்களைப் பார்த்தால் எந்த விமர்சகரும் அந்த அளவுக்குக் கறாராக இருந்திருக்கமாட்டார் என்று தோன்றும்.

யாரிடம் கேட்கிறோம் என்பதும் பெரிய விஷயம். ஆரன் சிஸ்கிண்ட் நியூயார்க் ‘ஃபோட்டோ லீக்’ அமைப்பில் சமூக ஆவணப் படங்கள் எடுத்தவர். 1940களில் சுவரின் உரிந்த வண்ணத்தையும் கிழிந்த சுவரொட்டியையும் தட்டையாக நேரெதிரே நின்று எடுக்கத் தொடங்கினார். லீக் தோழர்களுக்கு அந்தப் போக்கு பிடிக்கவில்லை. மக்களைக் காட்டாத படம் எதற்கு என்பது அவர்கள் கட்சி. 1947-ல் எகான் காட்சிக்கூடம் அவருக்குக் கண்காட்சி வைத்தது. அருவ ஓவியர்கள் அவரைத் தங்களில் ஒருவராக ஏற்றுக்கொண்டார்கள். லீக்காரர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் கேட்ட கேள்வி அந்தப் படங்களுக்குரியது இல்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் படம் பார்த்துப் பேசுவதை ஒரு பாடமாகவே ஆக்கியவர் ஒளிப்படக் கலைஞர் மைனர் ஒயிட். 1952-ல் ‘அப்பர்ச்சர்’ இதழைத் தொடங்கியவர்களில் ஒருவர், பின்னாளில் எம்.ஐ.டி.யில் கற்பித்தார். படத்துக்கு முன்னால் அமைதியாக உட்காரவேண்டும், உடம்பைத் தளர்த்தவேண்டும், நெடுநேரம் பார்க்கவேண்டும், பேச்சு அதற்குப் பிறகுதான் என்று பழக்கினார். 1950களில் ‘அப்பர்ச்சர்’ இதழில் படங்களை வாசிப்பது பற்றிய கட்டுரைகள் வந்தன. நெடுநேரம் பார்க்கவைத்ததில் அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அவர் வழியில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. படம் பார்ப்பவருடைய அகநிலைக்கு இணையாகிறது என்று சொல்லிவிட்டால், பார்ப்பவர் எதைச் சொன்னாலும் சரியாகிவிடும். ‘இந்த நிழல் எனக்குத் தனிமையைத் தருகிறது’ என்பதை எடுத்தவர் கேட்டுக்கொள்ளலாம். அதை வைத்து அடுத்த படத்தை மாற்றமுடியாது. ‘வலப்பக்கம் பெரிய கறுப்புப் பரப்பு, அதில் ஒரு சிறு வெளிச்சம்கூட இல்லை, அதனால் எனக்குத் தனிமை தோன்றுகிறது’ என்றால் மாற்றலாம், அல்லது மாற்றாமல் இன்னும் அழுத்தலாம்.

மறுமொழியே இல்லாமல் சிறந்த படங்கள் வந்ததும் உண்டு. நஸ்ரீன் மொஹமதி (1937-1990) பேனாவாலும் அளவுகோலாலும் இழைத்த கோட்டோவியங்களுக்காக அறியப்பட்டவர். பரோடாவில் ஆசிரியராக இருந்தார். ஃபத்தேபூர் சிக்ரியின் முற்றங்கள், தறியில் நீட்டிய நூல்கள், சாலையின் வெள்ளைக் கோடுகள் என்று அவர் எடுத்த ஒளிப்படங்களைத் தன் வாழ்நாளில் கண்காட்சிக்கு வைக்கவில்லை. அவர் மறைந்த பிறகே உலகம் அவற்றைப் பார்த்தது. 2016-ல் நியூயார்க்கில் மெட் பிராயர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது அங்கு நடந்த தொடக்கக் கண்காட்சிகளில் ஒன்று அவருடையது. அவர் எல்லாரிடமும் காட்டிக் கருத்துக் கேட்டிருந்தால் அந்தப் படங்கள் மேம்பட்டிருக்கும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தனக்குப் புரியும்வரை ஒரு படத்தை யாருக்கும் காட்டாமல் வைத்திருப்பதும் கலைஞரின் உரிமை.

காட்டுவது என்று முடிவுசெய்துவிட்டால், கேட்கும் முறை பதிலின் தரத்தை மாற்றும். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’தான் வரும். ‘உங்கள் கண் முதலில் எங்கே போயிற்று?’, ‘இந்த மேல்பகுதியை வெட்டிவிட்டால் ஏதாவது இழப்பு உண்டா?’ என்று கேட்டால் ரசனை பற்றிய பயம் உள்ளவர்கள்கூட யோசித்துச் சொல்வார்கள். படம்பார்த்துப் பழகாதவர்களும் சொல்வார்கள். படம் பேசப்படும் நேரத்தில் எடுத்தவர் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது. ‘அன்றைக்கு மழை வரும்போல இருந்தது, ஓடிப்போய் எடுத்தேன்’ என்ற கதை படத்தில் இல்லை. கதையைச் சொன்னதும் பார்ப்பவர் கதைக்கு மதிப்பெண் போடத் தொடங்கிவிடுவார். இரண்டு பேர் ஒன்றுக்கொன்று எதிராகச் சொன்னால் எடுத்தவர் குழம்பத் தேவையில்லை. இருவரும் ஒரே இடத்தைச் சுட்டினார்களா என்று பார்த்தால் போதும். சுட்டிய இடம் ஒன்றாக இருந்தால் அங்கே ஏதோ நடக்கிறது. அதற்கு என்ன மருந்து என்பதில் அவர்கள் இருவருமே தவறலாம்.

சென்னையில் 1850களிலேயே ஒளிப்படச் சங்கம் தொடங்கப்பட்டது; கலைப்பள்ளியை நிறுவிய அலெக்சாண்டர் ஹன்டர் அதில் முன்னின்றவர்களில் ஒருவர். இவ்வளவு நீண்ட மரபு உள்ள ஊரில், இன்று படங்களைப் பற்றிய பேச்சில் பெரும்பகுதி போட்டி மதிப்பெண்களாகச் சுருங்கிக் கிடப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நடுவர்கள் சில விநாடிகளில் ஓர் எண்ணைத் தருகிறார்கள். பறவைப் படமோ முகப்படமோ அந்த விநாடிகளில் தப்பித்துக்கொள்ளும். நிழலும் கோடுமான படம் தப்பிக்காது. எண்ணை வைத்து எடுத்தவர் எதையும் திருத்திக்கொள்ளவும் முடியாது. சங்கங்களை நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு மாலையை மதிப்பெண் இல்லாமல் நடத்துங்கள். நான்கைந்து படங்கள் போதும். ஒவ்வொன்றையும் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் மாட்டி, முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் பாருங்கள். பிறகு கண் போன வழியைச் சொல்லுங்கள்.